பழைய வேக்போர்டிங் படகு வாங்குவோர், முதலில் தண்ணீர் நின்ற இடங்களைப் பாருங்கள்

2021 ஏப்ரலில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்கு வடக்கே வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர் என்னை அழைத்தார்கள். படகுக்கான பணத்தைக் கொடுத்து அப்போதே இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒன்பது ஆண்டுப் பழைய வேக்போர்டிங் படகு அது; பலகைமேல் நிற்பவரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு ஓடும் வகை. மெழுகு பூசி முகம் பார்க்கும்படி பளபளத்தது. இருக்கைகளில் ஒரு கிழிசல்கூட இல்லை. ஆனால் டிராவிஸ் ஏரியில் இறக்கிய முதல் நாளே, அரை மணி நேரத்துக்குள் இன்ஜின் சூடேறி நின்றுவிட்டது. நான் போய் ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தது; அதாவது, ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் பக்கவாட்டில், கையால் தடவினால் மட்டுமே அகப்படும் இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. விற்றவர் அறிந்தே விற்றாரா என்பது எனக்குத் தெரியாது. வாங்கும் முன் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் இது தெரிந்திருக்கும் என்பது மட்டும் உறுதி.

சரக்குக் கப்பல்களில் பொறியாளராகப் பணியாற்றிய பின், இப்போது மத்திய டெக்சாஸ் ஏரிகளில் சிறு படகுகளை ஆய்வு செய்வது என் தொழில். பழைய படகு ஒன்றின் முன் நிற்கும்போது நான் மனத்தில் வைத்துக்கொள்வது ஒரே கேள்வியைத்தான்: இந்தப் படகில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றிருக்கிறது, அது நிற்கக் கூடாத இடம் எது? மெழுகும் மெத்தையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை.

வேக்போர்டிங் படகில் இன்ஜின் படகின் உடலுக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் அது கார்களிலும் டிரக்குகளிலும் பயன்படும் வி-8 இன்ஜினைக் கடலுக்கும் ஏரிக்கும் ஏற்ப மாற்றியமைத்த வடிவம். காரில் ரேடியேட்டர் செய்யும் வேலையை இங்கே ஏரித் தண்ணீரே செய்கிறது. ரப்பர் இறக்கைகள் கொண்ட இம்பெல்லர் என்னும் சிறு சக்கரம் படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி இன்ஜினுக்குள் செலுத்த, அந்த நீர் பிளாக்கையும், புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் குளிர்வித்துவிட்டுப் புகையோடு சேர்ந்து பின்புறம் வெளியேறுகிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் அந்த நீரில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். வடிகால் திருகுகளைக் கழற்றி வடித்தால்தான் அது வெளியேறும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது; வெடித்துவிடும்.

மினசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்துக்கு முன் இதை வடிப்பது எல்லோருக்கும் பழகிய வேலை. டெக்சாஸில் குளிர் சில நாட்கள் வந்து போவதுதான் வழக்கம் என்பதால், இன்ஜின் அறைக்குள் ஒரு மின்விளக்கையோ சிறிய ஹீட்டரையோ வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் பலர். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் மாநிலத்தின் மின் அமைப்பே நிலைகுலைந்து, 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் இழந்தன. அந்த விளக்குகளும் அணைந்தன. எனவே, அந்த ஆண்டுக்கு முன் கட்டப்பட்டு இந்த ஊரிலேயே இருந்த எந்தப் படகானாலும், விற்பவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, 2021 பிப்ரவரி நடுவில் படகு எங்கே நின்றது, நீரை வடித்தது யார், அதற்கு ரசீது உண்டா என்பதுதான். இன்ஜினின் ஒரு பகுதியில் மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தாலோ, பசை பூசி அடைத்த தடம் தெரிந்தாலோ, பக்கவாட்டிலுள்ள வட்ட உலோக மூடிகள் வெளியே தள்ளியிருந்தாலோ அங்கேயே நின்று யோசியுங்கள். ‘இதில் ஆன்டிஃப்ரீஸ் என்னும் எளிதில் உறையாத திரவம் ஓடும் மூடிய குளிர்விப்பு முறை இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அத்தகைய படகில் பிளாக் தப்பிக்கலாம். ஆனால் அந்தத் திரவத்தைக் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றியிலும், பல இன்ஜின்களில் மேனிஃபோல்டிலும் ஏரித் தண்ணீர்தான் ஓடுகிறது. அங்கும் அது உறையும்.

பார்க்கப் போகும் நாளில் இன்ஜினை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறிய இன்ஜின் தன் குறைகளில் பாதியை மறைத்துவிடும். ஆயில் அளவுகோலையும் ஆயில் ஊற்றும் மூடியையும் இயக்குவதற்கு முன்பே திறந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வருகிறதா என்று இன்ஜின் அறையை முகர்ந்து பார்த்து, காற்று வெளியேற்றும் புளோயரை நான்கு நிமிடமாவது ஓடவிட்ட பிறகே சாவியைத் திருகுங்கள். எட்டு சிலிண்டர்களுக்குள்ளும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைச் செய்ய ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்வது நல்லது. அதில் கிடைக்கும் எண்கள் எவ்வளவு பெரியவை என்பதைவிட, ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் நெருங்கி இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

படகு ஓடிய மணிநேரத்தைப் பற்றி என் கருத்து பலருக்கு வியப்பளிக்கிறது. பத்து ஆண்டில் எண்பது மணி நேரமே ஓடிய படகு என்றால் வாங்க வருபவர் மகிழ்கிறார், நான் கவலைப்படுகிறேன். ஓடாமல் நின்ற படகில் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் ஒரே வளைவில் இறுகிப்போகும். அவை உடைந்தால் துண்டுகள் குளிர்விப்புப் பாதையில் போய் அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் தொட்டியில் ஈரத்தை இழுத்துவைத்துக் கெட்டுப்போகும். ஆண்டுதோறும் இம்பெல்லரும் ஆயிலும் மாற்றிய ரசீதுகளோடு நானூறு மணி நேரம் ஓடிய படகு கிடைத்தால், அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

வீட்டு வாசலில் தோட்டக் குழாயை மாட்டி இன்ஜினை ஓட்டிக் காட்டுவதைச் சோதனையாக ஏற்க வேண்டாம். சுமை இல்லாத இன்ஜின் எதையும் வெளிக்காட்டாது. படகை ஏரியில் இறக்கி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். இத்தகைய இன்ஜின்களில், சூடேறியதும் குளிர்விக்கும் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கும். ஆகவே வெப்பமானியின் முள் அதையொட்டி ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் முள்ளும் ஏறினால் நீரோட்டத்தில் குறை இருக்கிறது. சிறிது நேரம் முழு வேகத்தில் ஓட்டி, சுழற்சி எண்ணிக்கை தயாரிப்பாளர் குறித்த வரம்பை எட்டுகிறதா என்று பாருங்கள். கரைக்குத் திரும்பியவுடன் இன்ஜின் அறையைத் திறந்து, புதிதாக எங்கே ஈரம் கசிந்திருக்கிறது என்று தேடுங்கள். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியேறும் இடத்தில், கயிறு அடைத்த பழைய வகை என்றால் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது இயல்பு. சொட்டாத வகை என்று சொல்லப்பட்ட இடத்தில் சொட்டினால்தான் குறை.

ஓடும்போது காலுக்கடியில் நடுக்கம் தெரிந்தால், அடியில் ஏதோ மோதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டிராவிஸ் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 681 அடி. 2023-இன் வறட்சியில் அது கிட்டத்தட்ட 50 அடி இறங்கியது. முன்பு ஆழத்தில் கிடந்த பாறைகள் ப்ரொப்பெல்லருக்கு எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டன. எனவே படகை டிரெய்லரில் ஏற்றிய பின் கீழே குனிந்து பாருங்கள். ப்ரொப்பெல்லரை மெல்லச் சுற்றி, ஒவ்வோர் இலையின் விளிம்பும் ஒரே பாதையில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஷாஃப்ட்டைத் தாங்கும் கால், சுக்கான், அடியிலுள்ள சிறு துடுப்புத் தகடுகள் ஆகியவற்றைச் சுற்றி ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு நிறம் மாறியிருந்தால், அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள். பழுது பார்த்தது குற்றமல்ல. அதைச் சொல்லாமல் விட்டால்தான் மற்றவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

வேக்போர்டிங் படகை மற்றப் படகுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் பாலாஸ்ட் தொட்டிகள். பின்னால் பெரிய அலை எழ வேண்டும் என்பதற்காகவே படகுக்குள் ஏரித் தண்ணீரை நிரப்பி எடையைக் கூட்டுகிறார்கள். 100 கேலன் தண்ணீர் என்பது ஏறத்தாழ 378 கிலோ. இரண்டு மூன்று தொட்டிகள் நிரம்பினால் ஒரு சிறு காரின் எடை படகின் உடலுக்குள் அமர்ந்திருக்கும். அந்தச் சுமையோடுதான் அது அலைமேல் மோதி மோதி ஓடுகிறது. எல்லாத் தொட்டிகளையும் நிரப்பச் சொல்லுங்கள், பிறகு முழுவதும் காலியாக்கச் சொல்லுங்கள்; இடமும் வலமும் எடுக்கும் நேரம் பெரிதும் வேறுபட்டால் பம்ப்போ குழாயோ பழுது. தொழிற்சாலை கொடுத்த அளவு போதாதென்று முந்தைய உரிமையாளர் இருக்கைகளுக்கடியில் கூடுதல் தண்ணீர்ப் பைகளைப் பொருத்தியிருந்தால், இன்ஜின் தாங்கிகளைச் சுற்றியும் இழுகயிறு கட்டும் கோபுரத்தின் அடிக்கட்டைகளைச் சுற்றியும் சிலந்தி வலை போன்ற கீறல்கள் உண்டா என்று டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல ஃபைபர்கிளாஸ் கணீரென்று ஒலிக்கும்; நீர் ஊறி உள்ளடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். 1990-களுக்கு முந்தைய பல படகுகளில் அடித்தளத்தின் நெடுஞ்சட்டங்கள் மரத்தால் ஆனவை. அவை உளுத்திருந்தால் படகின் விலையைவிடப் பழுது பார்க்கும் செலவு மிகும்.

அந்தத் தொட்டிகளின் அடியில் எப்போதும் சிறிது நீர் எஞ்சும். ஜீப்ரா மஸ்ஸல் என்னும் சிறு சிப்பியின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அந்த எஞ்சிய நீரில் பயணம் செய்து ஏரி விட்டு ஏரி தாவுகின்றன. டெக்சாஸில் 2009-இல் டெக்சோமா ஏரியில் முதன்முதலாகத் தென்பட்ட இச்சிப்பி, 2017-இல் டிராவிஸ், ஆஸ்டின் ஏரிகளுக்கு வந்துவிட்டது. இன்ஜினுக்கு நீர் இழுக்கும் வடிகட்டியைத் திறந்து ஓட்டுத் துணுக்குகள் உண்டா என்று பாருங்கள். பொது நீர்நிலையை விட்டுப் படகை வெளியே எடுக்கும்போது எல்லா நீரையும் வடிக்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். எனவே படகு எந்தெந்த ஏரிகளில் ஓடியது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஹூஸ்டன் பக்கத்திலிருந்து வரும் படகுக்குக் கூடுதல் கவனம் தேவை. அது வளைகுடாவின் உப்பு நீரில் ஓடியிருந்தால் மேனிஃபோல்ட் உள்ளிருந்தே அரித்துப்போயிருக்கும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த படகாகவும் இருக்கலாம். கருவிப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, மின்கம்பி இணைப்புகளில் பச்சைத் துருவோ மண் படிவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இருக்கைத் துணி, ஒலிபெருக்கி போன்றவற்றைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. அவை பணத்தால் முடியும் காரியம். உயிரோடு தொடர்புடையது எக்ஸாஸ்ட். புகை வெளியேறுவது பின்புற மேடைக்கு அருகில். குழந்தைகள் உட்கார்ந்து காலை நீரில் நனைக்க விரும்புவதும் அதே மேடையில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மேடையில் யாரும் இருக்கக் கூடாது. கயிற்றில் இழுக்கப்படுபவரும் குறைந்தது 20 அடி பின்னால் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாய்களும் அவற்றின் கிளாம்புகளும் உறுதியாக உள்ளனவா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தால் அதன் காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். ஓட்டுபவர் இடம்பெயர்ந்தால் இன்ஜினை நிறுத்தும் அவசர நிறுத்தக் கயிறும் படகோடு வருகிறதா என்று கேளுங்கள். அது பொருத்தப்பட்ட 26 அடிக்குக் குறைவான படகுகளில் அதை மாட்டிக்கொண்டு ஓட்டுவது டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்தும், நாடு முழுவதும் 2021 ஏப்ரலிலிருந்தும் கட்டாயம். அதே அளவுப் படகுகளில், ஓடும் நேரத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்பதும் இங்குள்ள சட்டம்.

பணம் கைமாறும் முன், பின்புறத் தட்டின் வலது மேல் மூலையில் பொறிக்கப்பட்ட பன்னிரண்டு எழுத்து ஹல் (படகின் உடல்) அடையாள எண்ணை உரிமைப் பத்திரத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டைக் குறிக்கும். 1984 ஆகஸ்டுக்குப் பின் கட்டப்பட்ட படகுகளில் இதே எண் மறைவான இன்னோர் இடத்திலும் உண்டு. படகின் உரிமைப் பத்திரம் டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் பொறுப்பு. டிரெய்லரின் பதிவு கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வரி அலுவலகம் வழியாக நடக்கும் வேறு வேலை. பத்திரத்தில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கையில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். டிரெய்லர் டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பள்ளம் தேயாத டயரும் வயதாகிவிட்டால் நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

நான் முதலில் சொன்ன குடும்பம் வேறு இன்ஜின் பொருத்தி அந்த ஆகஸ்டில்தான் படகை மீண்டும் நீரில் இறக்கியது. இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் அந்த வீட்டுத் தந்தை தானே வடிகால் திருகுகளைக் கழற்றி, ஒரு பையில் போட்டு, மறந்து இயக்கிவிடாதபடி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுகிறார். அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். நான் பையிலுள்ள திருகுகளை எண்ணிப் பார்த்துப் பதில் அனுப்புகிறேன்.