பிரெஞ்சு டிஃபென்ஸில் அந்த சி4-ஐ ஆடாதீர்கள்

மாணவர்கள் கொண்டுவரும் தோற்ற சதுரங்க ஆட்டத்தாள்களில் திரும்பத் திரும்ப ஒரே நகர்வைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளையின் இ4-க்குக் கருப்பு இ6 என்று பதில் தரும் தொடக்கம்தான் பிரெஞ்சு டிஃபென்ஸ் (எண்ணுக்குப் பின் முதலில் வெள்ளையின் நகர்வு, அடுத்தது கருப்பின் நகர்வு; காய்ப்பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்). 1. இ4 இ6 2. டி4 டி5 3. இ5 சி5 4. சி3 குதிரை சி6 5. குதிரை எஃப்3 ராணி பி6. இதுவரை மனப்பாடம் பிசகவில்லை. வெள்ளை மந்திரி (பிஷப்) டி3-க்கு வந்ததும் கருப்பு சட்டென்று சி4! கேட்டால், "மந்திரியை விரட்டினேன், இடமும் கிடைத்தது" என்கிறார்கள்.

விரட்டியது உண்மை. மந்திரி சி2-க்குப் போய் அங்கிருந்தும் எச்7-ஐத்தான் பார்க்கிறது. நீங்கள் இழந்ததைப் பாருங்கள். இ5 சிப்பாயைத் தாங்குவது டி4. அதை அசைக்கத்தான் சி5, அதற்காகத்தான் குதிரை சி6-க்கும் ராணி பி6-க்கும் வந்தன. சி4 ஆடிய நொடியில் டி4-ஐ வெட்டும் சிப்பாய் கைவிட்டுப் போகிறது. நடுப்பலகை பூட்டிக்கொண்டால் ஓரத்தில் தாக்குபவருக்குப் பயமே இல்லை. இ5 சிப்பாய் இருக்கும்வரை உங்கள் குதிரை எஃப்6-இல் நிம்மதியாக நிற்க முடியாது, ஆகவே எச்7-க்குக் காவலும் இல்லை. அந்த நேரத்தில் ராஜா பக்கம் கோட்டை வேறு கட்டினால் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் கேஸ்ட்லிங்), மந்திரி எச்7-ஐ வெட்டி செக், குதிரை ஜி5, ராணி எச்5. அப்புறம் "எப்படியோ மாட்டிக்கொண்டேன்" என்று சொல்லி என்ன பயன்?

(ஆறாவது நகர்வில் வெள்ளை மந்திரிக்குப் பதிலாக ஏ3 ஆடினால் சி4 நல்ல நகர்வு. பி3 கட்டம் ஓட்டையாகிவிடுவதால் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் அங்கே குறிவைக்கலாம். காரணம் இருக்கிறது, ஆடலாம்.)

மந்திரி டி3-க்கு வந்தால் டி4-ஐ வெட்டுங்கள். வெள்ளை சி3 சிப்பாயால் திருப்பி வெட்டும். உடனே குதிரையால் டி4-ஐத் தின்னாதீர்கள்! இரு குதிரைகளும் வெட்டுப்பட்டு உங்கள் ராணி டி4-இல் நிற்கும்போது, மந்திரி பி5-இல் செக் கொடுக்கும். நீங்கள் செக்கைச் சமாளித்ததும், திறந்த டி வரிசையில் வெள்ளை ராணி உங்கள் ராணியை வெட்டிவிடும். முதலில் மந்திரியை டி7-இல் வையுங்கள். அது அந்த செக்கைத் தடுப்பதால், இப்போது டி4 மீதான மிரட்டல் நிஜம். வெள்ளை மந்திரியை இ2-க்கு இழுத்தால் ஒரு நகர்வு வீண். கோட்டை கட்டினால் சிப்பாயைக் கொடுத்துத் தாக்க வருகிறது என்று பொருள். அதை எடுக்கலாம், ஆனால் கவனமாக.

நான்காவது நகர்விலேயே டி4-ஐ வெட்டும் அவசரமும் வேண்டாம். சி3 கட்டத்தை எதிரியின் குதிரைக்கு நீங்களே காலி செய்து கொடுக்கிறீர்கள்.

ராஜா பக்கக் குதிரைக்கு இ7 அல்லது எச்6 வழியாக எஃப்5; அங்கிருந்து அதுவும் டி4-ஐப் பார்க்கும். எஃப்6 தள்ளி இ5-ஐ உடைப்பது வெள்ளையின் காய்கள் டி4-ஐக் காப்பதில் கட்டுண்ட பிறகுதான். முன்பே தள்ளினால் இ6 பலவீனமாகிவிடும். சி8 மந்திரியைப் பற்றிப் புலம்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வாய்ப்பு வந்தால் டி7 வழியாக பி5-க்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சி சிப்பாயில் கை வைக்கும் முன், டி4-ஐ எத்தனை காய்கள் தாக்குகின்றன, எத்தனை காக்கின்றன என்று எண்ணுங்கள்.