மரச்சீனிக்கு ஒரு புறவாசல்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எங்கள் பெரியப்பா நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டினார். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஏறினால், முந்நூறு மரம் முடித்துவிட்டுத்தான் இறங்குவார். வந்ததும் அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளைக் குழம்பும். முட்டு தேய்ந்து வேலையை விட்டார், கிழங்கை விடவில்லை. இரண்டு வருடத்தில் சர்க்கரை வந்தது. "இவ்வளவு நாளும் இதத்தானே தின்னேன், இப்பம் மட்டும் எப்படி?" என்றார்.

வயது, பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் இந்த நோய் வரும். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பெயரிலேயே சீனியை வைத்திருக்கும் கிழங்கு அது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீள மாலை. ஒரு துண்டைக் குழம்பு தொடாமல் வாயிலேயே வைத்து மென்றுகொண்டிருங்கள், கொஞ்சம் இனிக்கும். எச்சில் மாலையை அறுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மிச்சத்தைக் குடல் அறுத்து ரத்தத்துக்கு அனுப்பும். நம் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக இருக்கும் சர்க்கரை மொத்தமே ஒரு டீஸ்பூன்தான். ஒரு தட்டுக் கிழங்கில் வருவதோ அதைப்போல பத்து மடங்குக்கு மேல். யாராவது அதை உடனே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரும்பங்கை வாங்குவது தசை. தசைச் செல்லுக்குள் சர்க்கரை போக 'குளூட்-4' என்ற கதவு வேண்டும். 1980களின் கடைசியில் கண்டுபிடித்த புரதம் இது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதவுகள் எப்போதும் சுவரில் இருப்பதில்லை. செல்லுக்குள் சின்னச் சின்னக் குமிழிகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வெளியிலிருந்து தட்டினால் குமிழிகள் மேலே வந்து சுவரோடு ஒட்டும், கதவு திறக்கும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அந்தத் தட்டல் உள்ளே சரியாகக் கேட்பதில்லை.

ஆனால் தசை சுருங்கும்போது உள்ளே கால்சியம் பாய்கிறது, எரிபொருள் குறைகிறது. அந்த இரண்டு சைகையும் இன்சுலினை எதிர்பார்க்காமல் அதே கதவுகளை மேலே அனுப்பிவிடும். முன்வாசலில் துரு ஏறிய வீட்டிலும் இந்தப் புறவாசல் பெரும்பாலும் வேலை செய்கிறது. பெரியப்பா மரத்துக்கு மரம் நடந்தபோது தினமும் மணிக்கணக்கில் திறந்து கிடந்தது அதுதான்.

இதன் பலனை நம் ஊரிலேயே அளந்திருக்கிறார்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னை மருத்துவர்கள் செய்த ஆய்வு 2006இல் வந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவுதான் தடுத்தது. இரண்டையும் சேர்த்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதயத்துக்கும் இதில் பங்குண்டு. வாங்க ஆளில்லாத சர்க்கரையில் ஒரு பகுதியை ஈரல் கொழுப்பாக்கி ரத்தத்திலேயே விடும். ரத்தக் குழாயின் உள்பூச்சும் கெடும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, எப்போது நடப்பது? சாப்பிட்ட அரைமணிக்குள், சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்போதே. பத்துப் பதினைந்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். மீனையும் காய்கறியையும் முதலில் தின்றுவிட்டுக் கிழங்குக்குப் போனால் ஏற்றம் இன்னும் மெதுவாகும். இன்சுலின் போடுபவர்களும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அப்புறம், வீட்டு மெஷினில் ஒருதடவை குத்திப் பார்த்துவிட்டுக் குதிக்காதீர்கள். அது 15 சதவீதம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் தரக்கட்டுப்பாட்டில் பாஸ்தான்.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் பெரியப்பா வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். கெண்டைக்கால் தசை இறுகுவது கைலிக்குக் கீழே தெரிகிறது. பெரியம்மா கதவருகில் நின்று எண்ணுகிறாள்; நாற்பதுக்கு மேல் அவளுக்கு எண்ணிக்கை தப்பிவிடும்.