சுவரைப் பூசுவதற்கு முன் தெருவைப் பாருங்கள்

"மூணு தடவை பூசியாச்சு சார், ஓதம் நிக்கவே இல்ல."

கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்காரர் சொன்னார். திண்ணைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் பூச்சு. அதற்கு மேலே புதிதாக ஓர் ஈரக்கோடு. வண்டிச் சாவியால் தட்டினேன். டொப் டொப்பென்று உள்ளே காலியாக இருக்கிற சத்தம். உளி வைத்ததும் பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பின்னால் இருந்த செங்கல், விரல் பட்டதும் ஈரச் சர்க்கரையாக உதிர்ந்தது.

பழங்கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். டெல்டாவில் நான் அதிகம் பார்க்கும் நோய் இது. களிமண் பூமி, ஆறும் வாய்க்காலும் நிறைந்தால் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். செங்கல் அதை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் விடாது. வழி அடைபட்ட தண்ணீர் பூச்சு முடிகிற இடம்வரை ஏறும்; கூடவே வந்த உப்பு உள்ளேயே உறைந்து செங்கல்லைப் பொரிய வைக்கும்.

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலில் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். 1010-இல் எழுந்த அந்த விமானம் கருங்கல். அதன் கதை வேறு. அங்கிருந்து நாயக்கர், மராட்டியர் கட்டிய அரண்மனைக்கு நடந்து போய், இந்த முறை கீழே பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கட்டடத்தின் ஆரோக்கியம் தெரிந்துவிடும். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டையில் கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கோபுரங்களிலும் கல்லுக்கு மேலே இருக்கும் நிலைகள் பெரும்பாலும் செங்கல்லும் சுதையும்தான். அதில் முளைக்கும் அரசங்கன்றை மேலாக வெட்டிவிட்டு வருவது (எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன்!) வேருக்கு உரம் போட்ட மாதிரி.

2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது பெற்ற ஸ்ரீரங்கம் திருப்பணியில், பழைய மழைநீர் வடிகாலை மீட்டதும் ஒரு முக்கிய வேலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. கும்பகோணத்து வீட்டிலும் அதைத்தான் கேட்டேன்.

"தாத்தா காலத்துல திண்ணைக்கு நாலு படி இருந்துச்சு" என்றார். இப்போது ஒன்றுதான். தார் மேல் தார் போட்டதில் மற்ற மூன்றும் தெருவுக்குள் போய்விட்டன. மழைத்தண்ணீர் சுவரோரம் வந்து நிற்கிறது. மூன்று தடவை பூசியதில் அதற்கு என்ன நஷ்டம்?

சுவரோரம் வாய்க்கால் எடுத்துச் சாக்கடையில் சேர்த்தோம். மாசியில் சிமென்ட்டை முழுக்கப் பெயர்த்து, ஆடிவரை சுவரை அப்படியே காயவிட்டோம். "உங்க இன்ஜினியர் பாதியில ஓடிட்டாரா?" என்று தெருவே கேட்டதாம். அப்புறம்தான் உளுத்த செங்கல்லை மாற்றி, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசினோம். செலவு கூடத்தான் ஆகும், நாளும் பிடிக்கும். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

வாய்க்கால் தோண்டும்போது இரண்டாவது படி தட்டுப்பட்டது. நடுவில் தேய்ந்த கருங்கல். அதை மூடக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார்.