தரை ஆடும் முன்பே கைபேசி அலறுவது எப்படி?

"நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்கிறீர்கள். பிறகு ஜப்பானில் மட்டும் எப்படி எச்சரிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முன்கூட்டிச் சொல்வதில்லை. நடுக்கம் தொடங்கிய பிறகு, அதன் அலையைச் செய்தி முந்துகிறது, அவ்வளவுதான். பாறைக்குள் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் ஓடும். கட்டடங்களை உலுக்கும் இரண்டாம் அலைக்கு வேகம் 3.5 கி.மீ.தான். மையத்துக்கு அருகிலுள்ள கருவி முதல் அலையைப் பிடித்ததும் தகவல் பறக்கிறது. 100 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு ஏறக்குறைய இருபது நொடி மிஞ்சும். ரயிலுக்கு பிரேக் போட, லிஃப்டை அருகிலுள்ள தளத்தில் நிறுத்தித் திறக்க அது பெரிய அவகாசம். மையத்துக்கு மேலேயே இருப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சாது.

எனக்கு வியப்பளிப்பது இதற்கு அடுத்த சிக்கல். முதல் சில நொடிகளில் நிலநடுக்கத்தின் அளவு எவருக்கும் தெரியாது. ஏனெனில் பிளவு இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கும். 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தில் அது இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் கிழிந்தது. மூன்றாவது நிமிடத்தில் ஜப்பான் வானிலை முகமை போட்ட கணக்கில் நடுக்கத்தின் அளவு 7.9, உண்மையில் அது 9.0. அந்தக் கணக்கை நம்பி இவாத்தே கடற்கரைக்கு 3 மீட்டர் சுனாமி என்று அறிவித்தார்கள். கடல் மிதவைகளின் அளவீடு வந்த பிறகே பிற்பகல் 3:14 மணிக்கு அந்த அறிவிப்பு 6 மீட்டராக உயர்ந்தது. இடையில் போனது 25 நிமிடம்.

2013 முதல், எட்டைத் தாண்டும் நடுக்கம் என்று தோன்றினால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே கிடையாது. 'மாபெரும் அலை' என்று மட்டும் சொல்கிறார்கள். அரைகுறைத் தகவலுக்குத் துல்லிய எண்ணின் வேடம் போடாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். தேதி குறித்து நிலநடுக்க ஆரூடம் சொல்பவர்களிடம் இல்லாததும் இதுவே.

2018இல் வந்த இன்னொரு எச்சரிக்கை முறை, நடுக்கத்தின் மையத்தையும் அளவையும் தேடுவதே இல்லை. ஓர் இடத்தைச் சுற்றி 30 கி.மீ. தூரத்துக்குள் உள்ள கருவிகள் இப்போது எவ்வளவு குலுங்குகின்றன என்று பார்த்து, அதே குலுக்கல் அந்த இடத்துக்கும் வரும் என்று கணிக்கிறது. அவகாசம் குறைவு, ஆனால் ராட்சத நடுக்கத்தைச் சிறியதென்று நினைத்து ஏமாறாது.

கருவிகள் நெருக்கமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஜப்பானின் கிழக்கே கடலுக்கடியில் நீளும் ஆழப் பள்ளமான ஜப்பான் அகழியையொட்டிக் கடலடியில் 150 நிலையங்களைக் கம்பிவடத்தால் கோத்திருக்கிறார்கள். அங்குள்ள அழுத்தமானிகள், தலைக்கு மேல் கடக்கும் சுனாமியைக் கரையிலுள்ள கருவிகளைவிட 20 நிமிடம் வரை முன்னதாக உணரும். செலவு அதிகம் என்பவர்கள் அந்த 25 நிமிடத்துக்கு ஒரு விலை சொல்லட்டும்.