பிள்ளையின் பெயரில் உள்ள காணி யாருடையது?

அம்மம்மா வளர்க்கும் பிள்ளைகள் மட்டக்களப்பில் ஊருக்கு ஊர் உண்டு. தகப்பன் இறந்திருப்பார், தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்வார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அம்மம்மாதான். பிள்ளையின் பெயருக்கு ஒரு காணியோ காசோ வரும்வரை, நீங்கள் யார் என்று அவரை யாரும் கேட்பதில்லை.

என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். கையில் சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியும் கிராம சேவகரின் கடிதமும் இருக்கும். பிள்ளை யாருடன் வாழ்கிறது என்பதற்கு அவை சான்று, அவ்வளவுதான். பிள்ளையின் சொத்தைக் கையாளும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்தின் நியமனத்தால்தான் வரும்.

18 வயது நிறையும்வரை ஒருவர் பராயமடையாதவர். 1989 வரை அது 21 ஆக இருந்தது. பெற்றோர் இருந்தால் அவர்களே இயற்கைப் பாதுகாவலர். இல்லாவிட்டால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ் உறவினர் மனுச் செய்யலாம். பிள்ளையைப் பராமரிக்க ஒருவரையும் சொத்தைப் பார்க்க வேறொருவரையும் நீதிமன்றம் நியமிக்க இடமுண்டு. முஸ்லிம் குடும்பங்களில் முஸ்லிம் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைத் தனியே எழுதுகிறேன்.

அதிகமான சிக்கல் வயற்காணியில்தான். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பிள்ளைக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கும். “படிப்புச் செலவுக்குத்தானே, விற்றால் என்ன?” என்று மாமன்மார் கேட்பார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்பார்கள். ஆனாலும் நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்கக் கூடாது. பெற்ற தாய்க்கும் இதே விதிதான். தாய் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் செயற்பட அவர் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், அவரது சொந்த ஆதனத்துக்குப் பயன்படும், பிள்ளையின் காணியை விற்க அது போதாது. அனுமதியின்றி எழுதிய காணி உறுதியை எதிர்த்துப் பிள்ளை வளர்ந்தபின் வழக்குப் போடலாம். அன்றைக்கு வாங்கியவரும் தெருவில் நிற்பார், குடும்பமும் இரண்டாகும்.

நியமனம் கிடைத்த பிறகுதான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. பெரும்போகக் குத்தகை எவ்வளவு வந்தது, பிள்ளைக்கு எவ்வளவு செலவானது, மிச்சம் எந்த வங்கிக் கணக்கில் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். நீதிமன்றம் கணக்குக் கேட்கும். உங்கள் கடனை அந்தக் காசால் அடைத்துவிட்டு அறுவடைக்குப் பின் திருப்பி வைப்பதும் தவறு, ஒரு ரூபாய் குறையாமல் வைத்தாலும்கூட.

பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெற்றோர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் கேட்கலாம். காணியை வாங்க ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள்.