மூலத்துக்கு வீட்டு வைத்தியம் செய்யலாம், அது மூலம்தானா என்று தெரிந்த பிறகு

பூண்டுப் பல்லை ஆசனவாய்க்குள் செருகிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் மலக்குடல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். அண்மையில் வந்த ஒருவரோ எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றித் தடவியிருந்தார். ஆசனவாயைச் சுற்றியிருந்த தோல் வெளுத்து உரிந்து, ஓரங்களில் கொப்புளம் கட்டியிருந்தது. இத்தனை எரிச்சலையும் எந்த மூலத்துக்காகத் தாங்கிக்கொண்டாரோ அந்த மூலமே அவருக்கு இல்லை. இருந்தது ஆசனவாய் வெடிப்பு. மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் அறுப்பதுபோல் வலிக்கிறது, எழுந்து வந்த பிறகும் நெடுநேரம் அந்த வலி அடங்குவதில்லை என்று அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. உள்மூலம் பொதுவாக இப்படி வலிப்பதில்லை.

வீட்டு வைத்தியத்தின்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தொடக்கநிலை மூலத்துக்கு நானே முதலில் எழுதிக்கொடுப்பது உணவும் தண்ணீரும் வெந்நீரும்தான். என் பொறுமையைச் சோதிப்பது, மலத்தில் ரத்தம் கண்டவுடன் ‘இது மூலம்தான்’ என்று தாமாகவே தீர்ப்பெழுதிக்கொள்ளும் பழக்கம். ரத்தம் ஓர் அறிகுறி மட்டுமே. மூலத்தில் வரும் அதே சிவப்பு ரத்தம் வெடிப்பிலும் வரும், பெருங்குடலில் வளரும் சிறு சதைக் கட்டிகளிலும் வரும், குடல் அழற்சியிலும் வரும், மலக்குடல் புற்றுநோயிலும் வரும். ‘பளிச்சென்ற சிவப்பாக இருந்தால் மூலம், கறுப்பாக இருந்தால்தான் ஆபத்து’ என்று பலர் எனக்கே பாடம் சொல்கிறார்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள புற்றுநோய்க் கட்டியிலிருந்து கசியும் ரத்தமும் பளிச்சென்றுதான் இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து நாங்களே முடிவுக்கு வருவதில்லை.

‘இந்த மருந்தைச் சாப்பிட்டேன், ரத்தம் நின்றுவிட்டது, அப்படியானால் அது மூலம்தானே?’ என்ற வாதமும் அடிக்கடி வரும். மூலத்தின் இயல்பே சில நாள் கசிந்து, பிறகு பல வாரம் ஓய்ந்திருப்பது. ஓயப்போகும் நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெருமை போய்ச் சேரும். புற்றுநோய்க் கட்டியும் விட்டுவிட்டே கசியும் என்பதால், ரத்தம் நின்றது எதற்கும் சான்றாகாது. மூலம் புற்றுநோயாக மாறும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மாறாது. ஆனால் இரண்டும் ஒருவருக்கே ஒரே சமயத்தில் இருக்கலாம். ‘எனக்குப் பழைய மூலம் உண்டு’ என்று ஆண்டுக்கணக்கில் அலட்சியமாக இருந்துவிட்டு, ரத்தசோகையால் மூச்சு வாங்கும் நிலையில் வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எங்களுக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைக்கும் ஒன்றல்ல. ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு ஆசனவாய்க்குள் எல்லோருக்கும் இருக்கிறது; அது வீங்கி, பிடிமானம் தளர்ந்து கீழிறங்கும்போதுதான் நோயாகிறது. முதல் நிலையில் ரத்தம் மட்டும் வரும். இரண்டாம் நிலையில் சதை வெளியே வந்து தானே உள்ளே போகும், மூன்றாம் நிலையில் விரலால் தள்ள வேண்டியிருக்கும், நான்காம் நிலையில் தள்ளினாலும் போகாது. வீட்டுப் பராமரிப்பு முதல் இரண்டு நிலைகளில் நன்றாகவே கைகொடுக்கும். மூன்றாம் நிலையில் துணைக்கு நிற்கும். நான்காம் நிலையில் அதை மட்டும் நம்பிக் காலம் கடத்துவது வீண்.

வீட்டு வைத்தியங்களில் உண்மையாகவே பலன் நிரூபிக்கப்பட்டது நார்ச்சத்து. அதைச் சரியாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். அதைக் காய்கறி, தோலோடு உண்ணும் பழங்கள், பருப்பு வகைகள், தவிடு நீக்காத தானியங்கள் ஆகியவற்றிலிருந்து பெறுவதே நல்லது. போதவில்லையென்றால் இசப்கோல் உமியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தை இறுக்கி அடைத்துக்கொள்ளும்; விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும். மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று கைவிடாதீர்கள். பலன் முழுமையாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம்.

அடுத்தது கழிப்பறை. கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். இதைத் திட்டாகவே எடுத்துக்கொண்டாலும் சரி. ஐந்து நிமிடத்துக்குள் முடியவில்லையென்றால் எழுந்து வந்துவிட வேண்டும். மூச்சைப் பிடித்து முக்குவதும், உந்துதல் வரும்போது அடக்குவதும், உந்துதல் இல்லாதபோது போய் உட்கார்ந்திருப்பதும் இந்த நோயை வளர்ப்பவை. மேற்கத்தியக் கழிப்பறையாக இருந்தால், பாதங்களுக்கடியில் ஒரு சிறிய முக்காலியை வைத்துச் சற்று முன்குனிந்து அமர்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி மலம் எளிதாக இறங்கும். பிறகு தண்ணீரால் கழுவி மெல்ல ஒற்றித் துடைத்தால் போதும். வாசனை சேர்த்த ஈரத்தாள்கள் அரிப்பை அதிகமாக்கும்.

வலிக்கும் வீக்கத்துக்கும் வெந்நீர்த் தொட்டி நல்லது. அகலமான தொட்டியில் பொறுக்கும் சூட்டில் நீர் விட்டு, இடுப்பு நனையும்படி 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை உட்காருங்கள். சோப்பும் கிருமிநாசினியும் அதில் வேண்டாம். வெறும் வெந்நீர்தான் மருந்து. ஐஸ் வைக்கிறவர்கள் துணியில் சுற்றி வையுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் பூசினால் தோல் மெலிந்துபோகும்.

பூண்டு, எலுமிச்சை, வினிகர், வீரியமான எண்ணெய்கள் எதையும் அங்கே தடவாதீர்கள். இயற்கையானது என்பதற்காக அமிலம் சுடாமல் விடுவதில்லை. ‘மூலிகைப் பொடி, பக்கவிளைவே இல்லை’ என்று விற்கப்படும் மலமிளக்கிகள் பலவற்றில் இருப்பது நிலாவரை. அது குடலைத் தூண்டி வேலை வாங்கும் மருந்து. அவசரத்துக்குச் சில நாள் சரி, தினசரிப் பழக்கமாக வேண்டாம்.

திடீரென ஆசனவாயின் ஓரத்தில் நீலம் பாய்ந்த, தொட முடியாத அளவுக்கு வலிக்கும் கட்டி தோன்றினால் அது வெளிமூலத்தில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தால் சிறு அறுவையில் வலியைப் பெரிதும் குறைத்துவிடலாம். அதற்குப் பிறகு அது பெரும்பாலும் தானே வடியும் என்பதால் பொறுத்திருக்கச் சொல்வோம். ரத்தம் நிற்காமல் கொட்டுதல், தலைசுற்றல், காய்ச்சலோடு கூடிய ஆசனவாய் வலி ஆகியவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மலம் தார் போலக் கறுத்து வந்தாலும், இரும்புச்சத்து மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகத் தெரியாதவரை, அதே அவசரம்தான். 45 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர்களும், எடை குறைகிறவர்களும், மலப்பழக்கம் மாறிவிட்டவர்களும் ரத்தம் தெரிந்தால் குடல்நோக்கிப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நேரடிப் பரிசோதனை போதும். இடப்பக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்வோம். உறையிட்ட விரலாலும் சிறு குழாய் ஒன்றாலும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். வெடிப்பால் வலி அதிகமென்றால் அன்று விரல்கூட வைக்க மாட்டோம். கூச்சமாக இருந்தால் அதையே சொல்லுங்கள். உங்கள் பாலினத்தைச் சேர்ந்த மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம், துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம். வரும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அதில் இருந்தால், கசிவைப் பார்த்துப் பயந்து நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.