கைகட்டி உட்கார்ந்தால் தன்னம்பிக்கை இல்லையா?

வேலைக்கு ஆள் எடுக்கும் மனிதவளத் துறையினருக்குப் பயிற்சி கொடுக்கும் உளவியலாளர் நான். வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுவிடுவார்: “ஒருத்தர் பொய் சொல்றாரான்னு உடல்மொழியை வச்சே கண்டுபிடிச்சிடலாம்தானே மேடம்?”

பூவா தலையா போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பாண்ட், டிபவுலோ என்ற ஆய்வாளர்கள் 2006-ல் இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம்.

“பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான்” என்று பயிற்சி ஸ்லைடுகளில் வரும் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டும் முகப்படங்களைக் காட்டியும், பேசியவரிடம் தெரிவது விருப்பா வெறுப்பா என்று கேட்டார். அதிலிருந்து வந்த கணக்கு இது; எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். ஸ்லைடு போடுபவர்கள் காதில்தான் விழவில்லை.

யூடியூப் வீடியோக்களில் கைகட்டினால் எதிர்ப்பு, கண்ணைத் தாழ்த்தினால் பொய். நம் ஊரிலோ வாத்தியார் முன்னால் கைகட்டி நிற்பது மரியாதை; பெரியவர்களை நேருக்கு நேர் பார்த்தால் “என்ன முறைக்கிற?” என்பார்கள். அப்படி வளர்ந்து, வீட்டிலேயே முதல் பட்டதாரியாக நேர்காணலுக்கு வரும் பிள்ளைக்குத் ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று எழுதிவிடுகிறோம். (ஏசி குளிருக்குக் கைகட்டியவர்களும் இதில் மாட்டுகிறார்கள்.)

அதற்காக உடல்மொழியே பொய் என்றும் சொல்ல முடியாது. உளவியலாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் ஒலியில்லாத 30 விநாடிக் காட்சிகளை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டினார்கள். அப்படிப் பார்த்தவர்கள் ஆசிரியர்களுக்குப் போட்ட மதிப்பெண், பருவம் முழுக்கப் படித்த மாணவர்களின் மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போனது. உற்சாகம், கனிவு போன்றவை வெளியே தெரிந்துவிடுகின்றன. பொய் அப்படித் தெரிவதில்லை.

ஒலியை அணைக்கும் அந்த உத்தியை வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ஒரு மாதிரி நேர்காணலை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். ஒரு குழுவுக்குக் காட்சி மட்டும், இன்னொன்றுக்குக் குரல் மட்டும், மூன்றாவதற்குப் பதில்களின் எழுத்துவடிவம். கலந்து பேசுவதற்கு முன் அவரவர் தனியாக எழுத வேண்டும்: கண்டது ஒரு பத்தியில், அதற்குத் தான் கொடுத்த அர்த்தம் மறு பத்தியில். அப்புறம் ஒப்பிடுங்கள். காட்சிக் குழு ‘பதற்றம்’ என்று எழுதிய அதே இடத்தில் எழுத்துக் குழு ‘தெளிவான பதில்’ என்று எழுதியிருப்பது சாதாரணம்.

உங்கள் மதிப்பீட்டுத் தாளில் ‘உடல்மொழி: 10 மதிப்பெண்’ என்று கட்டம் இருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.